நிறுத்துவதற்கும் விசை வேண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டு விழாவில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் விசை என்றும் இயக்கம் என்றும் பேசப் புகுந்தால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்களே என்ற அச்சம் ஒன்று. முப்பத்தாறு ஆண்டுகள் இந்தக் கரக்பூர் ரயில் தொழிற்சாலையில் பிரேக்குகளோடு காலந்தள்ளிய எனக்குப் பிரேக்கைத் தவிர வேறொன்றும் தெரியாதே என்ற வெட்கம் மற்றொன்று. "தெரிந்ததையே பேசுங்கள், ஆனால் தமிழில் பேசுங்கள்" என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார். பெங்கால் நாகபுரி ரயில்வேயின் காலத்திலிருந்தே தென்னாட்டார் பலர் வேலை தேடி வந்து குடியேறிய ஊர் இது. ரயிலின் சோற்றை உண்டு வளர்ந்த நாம் ரயிலைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நம் குழந்தைகள் பௌதிகத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ வங்காளியிலோ படிக்கிறார்கள். வீட்டிலே அதே பொருளைத் தமிழில் சொல்லக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. பெ. நா. அப்புஸ்வாமி போன்ற பெரியோர் நெடுங்காலம் உழைத்து நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். இன்று எனக்குத் தேவைப்படும் சொற்களோ மிகச் சிலவே: விசை, வேகம், எடை, உராய்வு. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து தொடங்குகிறேன்.

தாய்மார்கள் கொத்தமல்லிக் கட்டைக் கழுவியபின் என்ன செய்கிறார்கள்? கையை வேகமாக வீசிச் சட்டென்று நிறுத்தி உதறுகிறார்கள். தண்ணீர் தெறித்துப் போகிறது. தண்ணீரை யார் தள்ளினார்கள்? ஒருவரும் தள்ளவில்லை. கையும் இலையும் தண்ணீரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. கை நின்றது, கை பிடித்திருந்ததனால் தண்டும் இலையும் நின்றன. தண்ணீரை நிறுத்துவதற்குப் போதிய பிடிப்பு இல்லை. ஆகவே அது தன் வழியே போய்விட்டது. தென்னந்துடைப்பம் தளர்ந்தால் அதன் அடிப்பக்கத்தைத் தரையில் தட்டி ஒழுங்கு செய்கிறோமே, அதுவும் இதே கதைதான். ஹௌரா மெயிலில் ஊருக்குப் போகையில், வண்டிக்காரர் பிரேக் போட்டவுடன் தம்ளரில் உள்ள காப்பி முன்பக்கமாக எழும்பி மடியில் கொட்டுகிறதே, அதுவும் இதுவே. காப்பியை யாரும் முன்னால் தள்ளவில்லை. தம்ளர் நின்றது, காப்பி நிற்கவில்லை.

இதிலே என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்கலாம். மனித குலத்தின் பெரிய அறிவாளிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், தரையிலுள்ள ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் அதை ஏதேனும் ஒன்று இடைவிடாது தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்று கருதினார். மாட்டு வண்டியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கருதுவார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுகிறதல்லவா? ஆகவே ஓடுவதற்குக் காரணம் வேண்டும், நிற்பதற்குக் காரணம் வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள்.

நம் மன்றத்தின் பின்னறையில் மாலை தோறும் கேரம் ஆடும் இளைஞர்கள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். பலகை ஈரக்கசிவாக இருக்கும் மழைக்காலத்தில் காய் பாதி வழியில் நின்றுவிடும். போரிக் பொடியைத் தூவித் தேய்த்தால், அதே விரல், அதே சுண்டு, காய் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்புகிறது. பொடி காயைத் தள்ளவில்லை. நிறுத்துகிற உராய்வைக் குறைத்தது, அவ்வளவே. உராய்வை இன்னும் குறைத்தால் இன்னும் போகும். முற்றிலும் எடுத்துவிட்டால்? சாய்வுப் பலகைகளில் குண்டுகளை உருட்டிப் பார்த்த இத்தாலிய மேதை கலீலியோ இதே கேள்வியைக் கேட்டு, அது ஓடிக்கொண்டே இருக்கும் என்ற விடைக்கு வந்தார். ஐஸக் நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதையே தம் முதல் விதியாக அமைத்தார். நிற்பது நின்றுகொண்டே இருக்கும். ஓடுவது நேர்வழியில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தலையிட்டாலொழிய எதுவும் மாறாது.

ஓடுவதற்கு விசை வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். நிறுத்துவதற்கும் விசை வேண்டும் என்பது நம் மூளைக்குத் தெரிந்தாலும் கை கால்களுக்குத் தெரிவதில்லை. அதனால் வரும் துன்பங்களைத்தான் என் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன்.

ரயிலை எடுத்துக்கொள்வோம். உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே இருக்கும். இரண்டும் மிகக் கடினமானவை. ஒன்றுக்கொன்று அமுங்கிக் கொடுப்பதில்லை. அதனால் உருள்வதில் நேரும் இழப்பு மிக மிகக் குறைவு. சமதளத்தில், காற்றின் எதிர்ப்பு பெரிதாகத் தலையிடாத மெதுவான ஓட்டத்தில், ஒரு டன் எடையுள்ள வண்டியை ஓடிக்கொண்டே இருக்கச் செய்ய ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். இரண்டு தேங்காய்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அதன் இழுப்பு அவ்வளவு இருக்கும். காலி வாகன் ஒன்றைச் சில ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவதைத் தொழிற்சாலையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். முதலில் அசைப்பதற்குத்தான் மூச்சுப் பிடிக்க வேண்டும். அசைந்த பிறகு அது பசு மாதிரி பின்னாலேயே வரும். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சரிந்திருந்தால் போதும், பிரேக் இல்லாத வாகன் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். யார்டுகளில் நிற்கும் வண்டிகளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் இதற்காகவே.

உருளுவதற்கு இவ்வளவு இணக்கமான சக்கரத்தை நிறுத்துவது எளிதாக இருக்குமா? இருக்காது. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைக் கணக்கிட ஒரு சிறு வழி சொல்கிறேன். பள்ளிக்கூடச் சூத்திரங்களை மறந்துவிட்டவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உயரத்திலிருந்து விழும் பொருள் போகப் போக வேகம் பெறுகிறது. ஆகவே ஒவ்வொரு வேகத்துக்கும் ஓர் உயரம் உண்டு. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அந்த வேகம் இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு உரிய உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நம் வீட்டுச் சன்னல் மேற்படி அளவு. 40 கிலோமீட்டருக்கு உரியது 6 மீட்டருக்குச் சற்று மேல்; அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. 80 கிலோமீட்டருக்கு 25 மீட்டர். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 மீட்டர், கிட்டத்தட்டப் பதின்மூன்று மாடி.

இப்பொழுது இரண்டாவது படி. தரையில் ஓடும் ஒன்றைச் சீராக நிறுத்துகிறோம் என்று கொள்வோம். அதன் உயரத்தை, நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். வருகின்ற எண், அப்பொருளின் சொந்த எடையைப்போல எத்தனை மடங்கு விசை வேண்டும் என்பதைச் சொல்லும். 40 மீட்டர் உயரத்துக்குரிய வேகத்தை 40 மீட்டரில் நிறுத்த வேண்டுமானால், பொருளின் எடைக்குச் சமமான விசை வேண்டும். 400 மீட்டர் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு போதும். தூரம் கொடுத்தால் விசை குறையும். தூரத்தைச் சுருக்கினால் விசை பெருகும். பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது ஏன் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

ரயிலுக்குப் பிரேக் கொடுக்கும் விசை வண்டியின் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பிரயாணி வண்டிகளுக்கு இது பெரிய பிழையில்லாத மதிப்பீடு. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க இருபது நாற்பது, 800 மீட்டர் வேண்டும். 110 கிலோமீட்டர் என்றால் 950 மீட்டர். நம் ஊர் நிலையத்தின் நீண்ட பிளாட்பாரம் 1,072 மீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று நாம் மார்தட்டிக்கொண்டிருந்தோம். 2013ல் கோரக்பூர் 1,366 மீட்டரைக் கட்டி நம்மை முந்தியது. 2023ல் ஹூப்ளி 1,507 மீட்டரோடு அதையும் முந்திவிட்டது. போகட்டும். பெருமை போனாலும் அளவுகோல் போகவில்லை. பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியைப் பாருங்கள். விரைந்து வரும் வண்டி ஒன்று உங்களைக் கண்டு பிரேக் போட்டால், ஏறக்குறைய அந்தத் தூரத்தில் வந்துதான் நிற்கும்.

"இன்னும் பெரிய பிரேக்காக வைக்கக்கூடாதா தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி, நானும் பயிற்சிக் காலத்தில் என் மேஸ்திரியிடம் இதைத்தான் கேட்டேன். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். வண்டியை நிறுத்துவது தண்டவாளம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் இறுக்கினால் சக்கரம் உருளுவதை விட்டுவிட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கும்போது பிடிப்பு இன்னும் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். சில பெட்டிகளில் வேகத்துக்கு ஏற்றாற்போல் 'தடக் தடக்' என்று அடிவயிற்றைத் தட்டும் ஓசை கேட்டிருப்பீர்கள். அந்தத் தட்டைகளின் வேலைதான் அது. அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் கடைந்து மீண்டும் வட்டமாக்குவதற்குள் எங்கள் உயிர் போய்விடும். மழைத்தூறலில் பிடிப்புக் குறையும்போது எஞ்சினிலிருந்து தண்டவாளத்தின் மேல் மணலைத் தூவுவதும் உண்டு. கேரம் பலகைக்குப் பொடி என்றால் இங்கே மணல். ஒன்று உராய்வைக் குறைக்க, ஒன்று கூட்ட.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கரைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். அவர் 1869ல் காற்று பிரேக்குக்கு உரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அதை அவரே திருத்தி அமைத்ததில்தான் பெரிய நுட்பம் இருக்கிறது. அழுத்திய காற்று வந்தால் பிரேக் பிடிக்கும் என்றுதான் யாரும் முதலில் எண்ணுவோம். அவர் அதை மாற்றிவிட்டார். வண்டி நெடுக ஓடும் குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரையில் பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பிடிக்கும். நம் ரயில்களில் அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. வண்டி இரண்டாக அறுந்தாலும், குழாய் வெடித்தாலும், காற்று வெளியேறி எல்லாப் பெட்டிகளும் தாமாகவே நின்றுவிடும். கெட்டுப்போனால் நிற்க வேண்டும், ஓடக்கூடாது என்ற அந்த எண்ணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் இதே குழாயிலிருந்துதான் காற்று கசிகிறது. சங்கிலி சக்கரத்தோடு கட்டியிருக்கிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்தச் சபையில் இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. வேலையில் சேரும் வரையில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

என் மைத்துனர் எஞ்சின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது, வளைவு திரும்பியவுடன் எதிரே ஒருவர் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவதைக் கண்டார். மிதிவண்டியின் சக்கரம் எதிலோ சிக்கிக்கொண்டது. அம்மனிதர் அதை விட்டுவிட்டு ஓடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். என் மைத்துனர் விசிலை அழுத்தினார். அவசர பிரேக்கைப் போட்டார். "அத்திம்பேர், நான் செய்யக்கூடியதெல்லாம் முதல் இரண்டு நொடியில் முடிந்துவிட்டது; அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை" என்று அவர் என்னிடம் சொன்னார். விழா நாளில் துக்கம் பேசலாகாது. அந்த மனிதர் கடைசி நொடியில் குதித்துப் பிழைத்துக்கொண்டார், மிதிவண்டி பிழைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த என் மைத்துனர் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனதை என் தமக்கை இன்றும் சொல்வாள். ஊரிலே நான்கு பேர் கூடி, "ஆள் நிற்பது தெரிந்தும் நிறுத்தவில்லையே, கண் இல்லையா?" என்று கேட்டார்களாம். கண் இருந்தது. தூரம் இல்லை.

இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தைக்குப் போக மேம்பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கப் பத்து நிமிஷம் ஆகிறது, முழங்கால் வலிக்கிறது, பை கனக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டினால் இரண்டு நிமிஷம். முழங்கால் வலியை நான் மறுக்கவில்லை, எனக்கும் உண்டு. ஆனால் வண்டி தூரத்தில் மெதுவாகத்தானே வருகிறது என்று எண்ணுகிறோமே, அங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. பெரிய பொருள் நேருக்கு நேர் வரும்போது உண்மையைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றும். 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். மின்சார எஞ்சினோ பழைய நீராவி எஞ்சினைப்போலக் கட்டியம் கூறிக்கொண்டு வருவதில்லை. ஒரு வண்டி போய்விட்டதே என்று அடியெடுத்து வைக்கும்போது, அதன் மறைவில் அடுத்த தடத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கக்கூடும். நம்மைக் கண்டால் ஓட்டுநர் நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நியூட்டன் விட மாட்டார்.

ஓடும் வண்டியிலிருந்து குதிப்பதைப் பற்றி நான் அறிவுரை கூறத் தகுதியுடையவன், ஏனெனில் குதித்திருக்கிறேன். பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது. நிலையத்துக்கு முன்னால் வண்டி தயங்கி ஊர்ந்தது. இறங்கினால் அறைக்குக் குறுக்கு வழி. வேகம் 20 கிலோமீட்டர் இருக்கும். வீரமாக நிலத்தை நோக்கிக் குதித்தேன். என் கால்களை ஜல்லி பிடித்து நிறுத்திவிட்டது. மற்றவை எல்லாம், அதாவது வயிறு, மார்பு, தலை, சட்டைப்பையில் இருந்த சம்பளம் ஆகியவை, 20 கிலோமீட்டர் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன. கொத்தமல்லித் தண்ணீரின் நிலைதான். முன்பற்கள் இரண்டு போயின. இப்பொழுது நான் சிரிக்கும்போது தெரிபவை பல் வைத்தியர் கட்டியவை. தேர்ந்த போர்ட்டர்கள் வண்டி போகும் திசையிலேயே ஓடி இறங்குவார்கள், கால்களுக்கும் உடலுக்கும் ஒரே வேகம் கொடுப்பதற்காக. அந்த வித்தையை நான் இங்கே கற்பிக்கப் போவதில்லை. அது தவறினால் விழுவது சக்கரத்தின் அருகில்.

ரயிலைவிட நம் காலனியில் இப்பொழுது என்னைக் கலங்க வைப்பது ஸ்கூட்டர். காலையில் பள்ளிக்கூட நேரத்தில் வாயிற்படியில் நின்று பார்க்கிறேன். அப்பா ஓட்டுகிறார், முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, பின்னால் அம்மா, மடியில் கைக்குழந்தை. "நன்றாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா, மெதுவாகத்தான் போவோம்" என்கிறார்கள். மெதுவாக என்றால் 40 கிலோமீட்டர்.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீட்டருக்கு உயரம் 6.3 மீட்டர். எதிரே வந்த ஒன்றின் மேல் வண்டி மோதி நிற்கிறது. தாய் தன் கைகளின் வலிமையால் குழந்தையை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் அவள் கை நீளாது. 6.3ஐ அரையால் வகுத்தால் 12.6. குழந்தையின் எடை 10 கிலோ. ஆகவே அந்தக் கணத்தில் அவள் தாங்க வேண்டியது 126 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஒரு கையில் கொடுத்தால் எப்படியோ, அப்படி. அதுவும் அவள் தானே முன்னால் எறியப்பட்டுக்கொண்டிருக்கும்போது! எந்தத் தாயின் அன்பும் இதில் குறைந்ததல்ல. கைகளுக்குத்தான் அவ்வளவு வலிமை இல்லை. 'பிடித்துக்கொண்டேன்' என்பது நின்றுகொண்டிருக்கும் குழந்தைக்குப் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது. மோட்டார் காரில் முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்வதற்கும் இதே கணக்குத்தான்.

தலைக்கவசம் என்ன செய்கிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்து விழுந்தால்கூடத் தலை ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. வெறுந்தலை தரையில் மோதினால் அது நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் சில மில்லிமீட்டர். ஐந்து என்று வைத்தால் விசை தலையின் எடையைப்போல 300 மடங்கு. கவசத்தின் உட்புறத்தில் வெண்மையான நுரைப் பொருள் ஒன்று இருக்கிறதே, தெர்மோகோல் மாதிரி, அது நசுங்கி இரண்டரை சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால் 60 மடங்கு. வெளியே உள்ள கடினமான ஓடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். நசுங்குகிற நுரையின் பங்கை மறந்துவிடுகிறார்கள். ஆகவே ஒருமுறை அடி வாங்கிய கவசத்தை, மேலே கீறல் தெரியவில்லையே என்று மீண்டும் அணிவது வீண். உள்ளே நசுங்க வேண்டியது நசுங்கிவிட்டது. தாடைவாரைப் பூட்டாமல் போட்டுக்கொள்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? தலை நின்றபின் கவசம் மட்டும் தன் வழியே போய்க்கொண்டிருக்கும்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் இருசக்கர வண்டியில் கவசம் அணிய வேண்டும் என்று 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் வாரும், சிறு கவசமும், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைப் படித்துவிட்டு நான் இதைப் பேசவில்லை. சென்ற மாதம் என் மகன், மேலே சொன்ன அதே கோலத்தில் என் பேத்தியை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு புறப்பட்டபோது, வண்டியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பேசினேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கவசம் வாங்கி வந்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் சோறு சாப்பிடுகிறாள். கழற்றச் சொன்னால் அழுகிறாள்.

செயலாளர் மணியை எடுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் இராவணன் மீசை ஒட்டிக்கொண்டு காத்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. கேரம் பலகையையும் ஒரு டப்பி பொடியையும் பின்னறையில் எடுத்து வைத்திருக்கிறேன். இடைவேளையில் வரும் குழந்தைகளுக்கு, ஒரே சுண்டில் காய் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொடியோடும் பொடியில்லாமலும் அளந்து காட்டுகிறேன். முறுக்கு எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.